மூளைக் கட்டியால் வரும் வலிப்பு: அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள், ஏன்?

"வயித்துலேர்ந்து என்னமோ மேல ஏறுது, நெஞ்சாண்ட வந்து அடைக்குது, அரை நிமிஷத்துல சரியாப் போயிடுது." வண்ணாரப்பேட்டையில் ஒருவர் இப்படிச் சொன்னால், பக்கத்துக் கடையில் ஒரு சோடாவும் மருந்துக் கடையில் ஒரு வாயு மாத்திரையும் கிடைக்கும். பலருக்கு அது வாயுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி வந்து, அந்த அரை நிமிடத்தில் கூப்பிட்டாலும் பதில் இல்லாமல், வெறித்த பார்வையோடு வாயை மென்றுகொண்டிருந்தால் அது வலிப்பாக இருக்கலாம். கை கால் வெட்டி இழுத்து, நுரை தள்ளி விழுந்தால் மட்டும்தான் 'ஃபிட்ஸ்' என்று நினைத்துக்கொண்டிருப்பதால் இந்தச் சின்ன வலிப்புகள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகின்றன.

மூளைக் கட்டி கிளப்பும் வலிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஒரு கட்டைவிரல் மட்டும் துடிக்கும், துடிப்பு மணிக்கட்டு, முழங்கை, முகம் என்று ஏறும். ரப்பர் எரிகிற நாற்றம் அடிக்கும், மற்றவர்களுக்கு அடிக்காது. வாய் திறந்தும் பேச்சு வராது. மூளையின் எந்த இடத்தில் கோளாறு என்பதை முதல் அறிகுறியே காட்டிக்கொடுக்கும். 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லி என்ற அறுவை மருத்துவர் ஒரு இளைஞரின் மூளையிலிருந்து கட்டியை எடுத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கவே இன்னும் 11 வருடம் இருந்த காலம் அது. கட்டி எங்கே இருக்கிறது என்று நரம்பு மருத்துவர் ஹியூஸ் பென்னட் சொன்னது, அந்த இளைஞரின் முகத்திலும் கையிலும் வந்த துடிப்பையும் பிறகு வந்த தளர்ச்சியையும் வைத்துத்தான். கட்டி சொன்ன இடத்திலேயே இருந்தது. நோயாளி ஒரு மாதம்போல உயிரோடிருந்து, கிருமித் தொற்றால் இறந்தார்.

எனவே வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி, போனில் அதை வீடியோ எடுத்து வைப்பது. எந்தக் கை முதலில், தலை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம், முடிந்ததும் பேச்சு உடனே வந்ததா என்பதெல்லாம் மருத்துவருக்கு ஸ்கேனுக்கு இணையான தகவல். இருபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு முதன்முதலாக வலிப்பு வந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல் தலையைப் படம் எடுத்தே ஆகவேண்டும்.

கட்டி ஏன் வலிப்பைக் கிளப்புகிறது

மூளைச் செல்கள் ஒன்றோடொன்று மின்துடிப்பால் பேசுகின்றன. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் 'ஏவு' என்கிறது, காபா என்பது 'அடங்கு' என்கிறது. இந்த இரண்டின் சமன் கெட்டு, ஒரு கூட்டம் செல்கள் ஒரே நேரத்தில் ஏவத் தொடங்கினால் அதுவே வலிப்பு. கிளையோமா என்ற வகைக் கட்டிச் செல்கள் தாங்களே குளூட்டமேட்டைக் கசியவிடுகின்றன. சில கிளையோமாக்களில் ஐ.டி.எச். என்ற மரபணு மாறியிருக்கும். அந்த மாற்றத்தால் உருவாகும் பொருளின் வடிவமே குளூட்டமேட்டைப் போன்றது, அதுவும் சுற்றியுள்ள செல்களைத் தூண்டும். மெனிஞ்சியோமா மூளைக்கு வெளியே, உறையில் வளர்வது. அது மூளையை அழுத்தி, வீங்கவைத்துத் தொல்லை தருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான கட்டிகளில் மின்கோளாறு கிளம்புவது கட்டியின் நடுவிலிருந்து அல்ல, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் புறணியின், அதாவது மூளையின் சாம்பல் நிற மேலடுக்கின், ஓரத்திலிருந்து. கேங்க்ளியோகிளையோமா போன்ற சில கட்டிகளில் நரம்புச் செல்களே கலந்திருப்பதால் கட்டியும் சேர்ந்து ஏவலாம். ஆனால் பொதுவாக ஓரம்தான் குற்றவாளி. அறுவையின் திட்டம் முழுக்க இந்த ஓரத்தைச் சுற்றித்தான் அமைகிறது.

கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும் இன்னொரு உண்மை: மெதுவாக வளரும் கட்டிதான் அதிகம் வலிப்பைத் தரும். கேங்க்ளியோகிளையோமா, டி.என்.இ.டி. ஆகியவை பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும், புற்றுத்தன்மை மிகக் குறைவு. ஆனால் வந்தவர்களில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டோருக்கு வலிப்பு உண்டு. 'குறைந்த தரம்' (லோ கிரேட்) எனப்படும், மெதுவாக வளரும் கிளையோமாவில் 60 முதல் 90 பேருக்கு. வேகமாக வளரும் கிளையோபிளாஸ்டோமாவில் 30 முதல் 60 பேருக்கு. மெனிஞ்சியோமாவில் சுமார் 30 பேருக்கு. மெதுவாக வளரும் கட்டிக்குப் பக்கத்துச் செல்களின் இணைப்புகளை மாற்றியமைக்க வருடக்கணக்கில் நேரம் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். அதனால் 'வலிப்பு அடிக்கடி வருகிறது, கட்டி மோசமானதாக இருக்குமோ' என்று பயப்பட வேண்டியதில்லை. பின்மண்டையில் உள்ள சிறுமூளைக் கட்டி பொதுவாக வலிப்பைத் தராது.

படத்தில் தெரிவதெல்லாம் கட்டி இல்லை

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வலிப்போடு வந்தவரின் சி.டி. ஸ்கேனில் மோதிரம்போல ஒளிரும் சின்னப் பொட்டு ஒன்று தெரிந்தால், அது நாடாப்புழுவின் முட்டையால் வந்த நீர்க்கட்டியாகவோ காசநோய்க் கட்டியாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 20 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒற்றைப் பொட்டு, மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்படவில்லை, தலையின் உள்ளழுத்தம் கூடவில்லை என்றால் புழுக்கட்டியாக இருக்கலாம் என்று கருதி, மருந்து கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடியும் படம் எடுப்பார்கள். பெரும்பாலும் சுருங்கிப் போய்விடும். வேலூரில் நடந்த நீண்ட ஆய்வுகளின் பலன் இந்த அளவுகோல்கள். பன்றிக்கறி தின்றால்தான் இது வரும் என்பது தவறான எண்ணம். முட்டை கலந்த தண்ணீர், சரியாகக் கழுவாத காய்கறி, கை சுத்தமில்லாமல் பரிமாறிய சோறு ஆகியவற்றால் சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரும்.

படம் பார்த்ததும் 'தலையில் கட்டி' என்று வீடு முழுக்க அழுது தீர்ப்பதற்கு முன், அது என்ன கட்டி என்று கேளுங்கள்.

அறுவைக்கு முன் மூன்று கோடுகள்

அறுவைத் திட்டத்தை மூன்று எல்லைக் கோடுகளாக நினைத்துக்கொண்டால் மருத்துவர் சொல்வது எளிதாகப் புரியும். கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பது முதல் கோடு. வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பது இரண்டாவது. தொடவே கூடாத பகுதி எங்கே தொடங்குகிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தி வருவது அரிது.

முதல் கோட்டை எம்.ஆர்.ஐ. காட்டும். குறைந்த தரக் கட்டி சாதாரண சி.டி.யில் தப்பிவிடலாம், எனவே 'சி.டி. நார்மல்' என்ற ஒரு தாளை வைத்து நிம்மதியடைய முடியாது. வலிப்புக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனில் துண்டு துண்டாகப் படம் எடுப்பார்கள். நிறமருந்து ஊசி போடுவதாக இருந்தால் அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை தேவை.

இரண்டாவது கோட்டுக்கு மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. தலையில் சுமார் 20 இடங்களில் பசை தடவி மின்முனைகளை ஒட்டி அரை மணி நேரம்போலப் பதிவு செய்வது சாதாரண இ.இ.ஜி. முந்தின இரவு தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முனை ஒட்டாது, பதிவு குழம்பும். இந்தப் பதிவு நார்மலாக வந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகாது. தேவைப்பட்டால் நாள் கணக்கில் படுக்கவைத்து வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்வார்கள், வலிப்பு வரும் கணத்தைப் பிடிப்பதற்காக. கட்டி ஓரிடத்தில் தெளிவாக இருந்து, வலிப்பின் அறிகுறியும் அதே இடத்தைக் காட்டினால் இது தேவைப்படாது. கட்டி பொட்டு மடலில், அதாவது காதுக்கு மேலே உள்ளே இருந்தாலோ, வலிப்பு வேறிடத்திலிருந்து வருவதுபோல் தோன்றினாலோ அவசியம்.

மூன்றாவது கோட்டுக்கு நினைவாற்றல், பேச்சுத் திறன் பரிசோதனைகளும், பேசும்போது கை அசைக்கும்போது மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யும் உதவுகின்றன. வலதுகைப் பழக்கமுள்ள பெரும்பாலோருக்குப் பேச்சு இடப்பக்க மூளையில்.

மாத்திரையை எவ்வளவு காலம் பார்ப்பது? பொதுவான வலிப்பு நோயில், சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால்தான் 'மருந்துக்கு அடங்காதது' என்று சொல்லி அறுவையைப் பேசுவார்கள். கட்டி இருப்பவரிடம் அந்தக் காத்திருப்பு பொருந்தாது. கட்டியை எடுப்பதற்கே ஒரு காரணம் உண்டு: அது என்ன வகை என்று தெரிய வேண்டும், வளராமல் தடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் வலிப்பு நிற்கும் வாய்ப்பும் கூடுகிறது. வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் சுற்றியுள்ள மூளை வலிப்புக்குப் பழகிவிடுகிறது.

எவ்வளவு எடுப்பார்கள்

கட்டியை மட்டும் எடுப்பது எளிய வழி. மெனிஞ்சியோமாவுக்குப் பெரும்பாலும் அது போதும். கேங்க்ளியோகிளையோமா, டி.என்.இ.டி. இரண்டிலும் பக்கத்துப் புறணி பிறவியிலேயே சீராக அடுக்கப்படாமல் இருப்பது உண்டு, அதை விட்டுவைத்தால் கட்டி போயும் வலிப்பு நிற்காது. அப்போது ஓரத்தையும் சேர்த்து எடுப்பார்கள். பொட்டு மடல் கட்டியில், உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியும் வலிப்பில் பங்கெடுத்துக்கொண்டிருந்தால் மடலின் முன்பகுதியையும் அதையும் சேர்த்து எடுக்க நேரலாம். பேச்சு இருக்கும் பக்கம் என்றால் மடலின் நுனியிலிருந்து 4 முதல் 4.5 சென்டிமீட்டர், எதிர்ப்பக்கம் என்றால் 5 முதல் 6 வரை என்பது வழக்கமான அளவு.

இதில் கடினமான முடிவு ஒன்று உண்டு. இடப்பக்க ஹிப்போகேம்பஸ் படத்தில் நன்றாக இருக்கிறது, நோயாளியின் நினைவாற்றலும் நன்றாக இருக்கிறது என்றால், அதை எடுத்தபின் பெயர்களும் சொற்களும் மறக்கத் தொடங்கும் அபாயம் அதிகம். ஏற்கெனவே சுருங்கிப்போன ஹிப்போகேம்பஸை எடுத்தால் இழப்பு குறைவு. கணக்கு எழுதும் வேலையில் இருப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் இந்த இழப்பின் எடை ஒன்றல்ல. நோயாளியின் வேலை என்ன என்பதை அறுவை மருத்துவரிடம் விரிவாகச் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

அறுவை நாளில் நடப்பது

முந்தின நாட்களில் மூளை வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருப்பார்கள். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். ஆனால் வலிப்பு மாத்திரையை அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டாக வேண்டும். 'வெறும் வயிறு' என்று கேட்டு மாத்திரையையும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதனாலேயே அறுவை அறைக்குப் போகும் வழியில் வலிப்பு வரும்.

மயக்கம் கொடுத்ததும் தலையை மூன்று முள் கொண்ட பிடியில் அசையாமல் பொருத்துவார்கள். எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் ஏற்றி, கையில் இருக்கும் கருவியின் நுனி மூளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டும் வழிகாட்டி அமைப்பு ஒன்று உண்டு. தோலை வளைவாகத் திறந்து, மண்டையோட்டில் துளையிட்டு, அந்தத் துளையிலிருந்து ஒரு சின்ன ரம்பத்தால் ஜன்னல்போல எலும்பை வெட்டி எடுத்து ஈரத்துணியில் பத்திரமாக வைப்பார்கள். மூளை தளர்ந்து கொடுக்க மானிட்டால் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு டியூரா என்ற தடித்த உறையைத் திறப்பார்கள்.

இரண்டாவது கோட்டை நேரில் பார்க்கத் தேவையிருந்தால் இங்கேதான் பார்ப்பார்கள். மின்முனைகள் பதித்த மெல்லிய பட்டையை மூளையின் மேலேயே பரப்பி, எந்த ஓரம் கூர்முனை அலைகளை வீசுகிறது என்று பதிவு செய்வார்கள். மயக்க மருந்துகள் இந்த அலைகளை மங்கவைக்கும், எனவே அந்த நேரத்தில் மயக்க மருத்துவர் அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கட்டியை நுண்ணோக்கியின் கீழ், ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சும் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒரு துணுக்கை உடனே நோயியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். முடிந்ததும் டியூராவைத் தண்ணீர் கசியாமல் தைத்து, எலும்பை டைட்டானியத் தகடுகளால் பழைய இடத்திலேயே பொருத்துவார்கள்.

கட்டி பேச்சுப் பகுதிக்கோ கை கால் பகுதிக்கோ ஒட்டியிருந்தால் நோயாளியை நடுவில் விழிக்கவைத்துச் செய்வதுண்டு. கேட்டாலே உடம்பு நடுங்கும். மூளைக்கு வலி உணர்வு கிடையாது, தோலுக்கும் உறைக்கும்தான் உண்டு. அவற்றை மரத்துப்போகும் ஊசியால் அடக்கிவிடுவார்கள். பிறகு நோயாளியிடம் படங்களைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டுக்கொண்டே, 5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு முனைக் கருவியால் புறணியை 1 மில்லியாம்பியரிலிருந்து மெல்லக் கூட்டி, சுமார் 6 வரை, சில நொடிகள் தொடுவார்கள். 'பூட்டு' என்று சொல்ல வாயெடுத்தவருக்குச் சொல் நின்றுவிட்டால் அந்த இடத்தில் ஒரு எண் அட்டை வைப்பார்கள், அது மூன்றாவது கோடு. வடசென்னையில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுபவர்கள் பலர், உருது பேசுபவர்களும் உண்டு. இரண்டு மொழிகளுக்கும் மூளையில் முக்கியமான இடங்கள் வெவ்வேறாக இருக்கலாம் என்பதால் இரண்டிலும் பார்க்க வேண்டும். வீட்டில் என்ன மொழி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொடும்போதே வலிப்பு கிளம்பினால் ஐஸ் போலக் குளிர்ந்த சலைன் திரவத்தை மூளையின்மேல் ஊற்றுவார்கள், பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கும்.

என்னென்ன தவறலாம்

முதல் 24 மணி நேரம் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைப்பது ரத்தக் கசிவுக்குப் பயந்துதான். தூக்கம் கூடிக்கொண்டே போவது, ஒரு கண்பாவை விரிவது அதன் அறிகுறிகள். முதல் வாரத்தில் வலிப்பு ஒன்று வந்தால் அறுவை தோற்றது என்று பொருளில்லை. வீக்கத்தாலும் சோடியம் குறைவதாலும் மருந்தின் அளவு இறங்குவதாலும் வரும். முன்மடலின் உள்பக்கத்தில் அறுவை நடந்தால் மறுநாள் பேச்சே இல்லாமல், எதிர்ப்பக்கக் கை கால் அசையாமல் இருக்கலாம். பார்ப்பவர்கள் நொறுங்கிப்போவார்கள். சில வாரங்களில் இது பெரும்பாலும் திரும்பிவிடும், முன்பே சொல்லிவைத்தால் குடும்பம் தாங்கும். பொட்டு மடல் அறுவைக்குப் பின் எதிர்ப்பக்க மேல் மூலையில் பார்வை குறையலாம், பலருக்குப் பரிசோதித்தால்தான் தெரியும்.

தையலை 7 முதல் 10 நாளில் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கழுத்து விறைப்பு, தையலிலோ மூக்கிலோ தண்ணீர் சொட்டுவது, கால் ஒன்று மட்டும் வீங்கி வலிப்பது இருந்தால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

வலிப்பு எவ்வளவு பேருக்கு நிற்கிறது? அறுவைக்கு முன் வலிப்பு இருந்தவர்களில், குறைந்த தரக் கிளையோமாவிலும் மெனிஞ்சியோமாவிலும் 100-க்கு சுமார் 70 பேருக்கு, கேங்க்ளியோகிளையோமா வகையில் சுமார் 80 பேருக்கு. முழுவதும் எடுக்க முடிந்ததா என்பதே இதைத் தீர்மானிக்கும் முதல் காரணி.

எங்கே, எப்படி

1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை ஜி.எச்.சில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இன்று சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லியிலும் நரம்பியல் அறுவைப் பிரிவுகள் உண்டு. திருவொற்றியூர் பக்கமிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்துவிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாரோடு ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அறுவைத் தேதி குறித்தபின் இதற்கு அலையாமல், எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. படங்களின் தாளோடு அவை பதிவான குறுந்தகட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், வழிகாட்டி அமைப்புக்குத் தகட்டில் உள்ள படம்தான் உதவும்.

அறுவைக்குப் பிறகு மாத்திரை

'கட்டியே போயிடுச்சே, மாத்திரை எதுக்கு?' என்று தாங்களாகவே நிறுத்துவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் மிகப் பெரிய விபத்து. திடீரென்று நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. லெவெட்டிரசெட்டாம் பொதுவாக 500 மில்லிகிராம் காலை, இரவு என்று தொடங்கும். சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும். வீட்டில் சண்டை கூடினால் அது குணமில்லை, மருந்தாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபெனிட்டாயின் விலை குறைவு, ஆனால் ஈறு வீங்கும், ஸ்டீராய்டு, சில கீமோ மருந்துகள், கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் பலனைக் குறைக்கும். வால்ப்ரோயேட் கருவுக்குக் கேடு, குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வேறு வழியில்லாதபோது மட்டும். கட்டி இருந்தும் ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்கு ஆயுள் முழுக்கத் தடுப்பு மாத்திரை தேவையில்லை.

மாத்திரையைக் குறைக்கும் பேச்சு பொதுவாக வலிப்பே இல்லாமல் 1 முதல் 2 வருடம் ஆனபின், கட்டி முழுதும் எடுக்கப்பட்டவருக்கு வரும். ஒரு நேரத்தில் ஒரு மருந்து, மாதக்கணக்கில் மெல்ல. அதுவரை காசிமேட்டுப் படகில் கடலுக்குப் போவது, துறைமுகத்தில் உயரத்தில் ஏறுவது, கன்டெய்னர் லாரி ஓட்டுவது, தனியாகக் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிமுன் நிற்பது வேண்டாம். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது, அதில் மறைக்காமல் எழுத வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. கரையில் வலை பின்னும் வேலை, கிடங்கில் தரைமட்ட வேலை என்று மாற்றிக் கேட்க மருத்துவரின் சான்றிதழ் உதவும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுக்காதீர்கள், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்புவதற்குள் இன்னொன்று வந்தால் 108. வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்பிரேயை மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் அதை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

மாதங்களோ வருடங்களோ நின்றிருந்த வலிப்பு திரும்ப வந்தால் முதலில் கேட்க வேண்டியது மாத்திரை தவறியதா என்று. தவறவில்லை, தூக்கம் கெடவில்லை, காய்ச்சல் இல்லை என்றால் அடுத்த எம்.ஆர்.ஐ. தேதிவரை காத்திருக்க வேண்டாம். கட்டி மறுபடி வளர்கிறது என்பதற்கு வலிப்புதான் முதல் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கு அறுவைக்குப் பிந்தைய முதல் எம்.ஆர்.ஐ.யும், நோயியல் அறிக்கையும் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வீட்டில் எதைத் தொலைத்தாலும் அந்த இரண்டையும் தொலைக்காமல் வைத்திருங்கள்.